பத்து ஷீட் ஃபிலிம்

நாகலூர்,
9.12.2024

தம்பி வசந்துக்கு அக்கா அருக்காணி எழுதுவது. நான் சுகம். முழங்கால் வலி இருக்கிறது, அது என்னோடுதான் போகும். உன் உடம்பும் கண்ணும் நன்றாக இருக்கட்டும்.

நீ அனுப்பிய பெட்டியும் கடிதமும் போன வியாழக்கிழமை வந்தன. கடிதத்தின் இரண்டாவது வரியில் அந்தப் பெயரைப் பார்த்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அதில் வைத்துவிட்டேன். மீதி என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மோனிஷா என்று எனக்கு ஒரு மகள் இருந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த ஆசிரோடு பஸ் ஏறிப் போன அன்றைக்கே அவள் செத்தாள். பஸ் நிற்கிற இடத்தில் அவள் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினேன். பதினாறாம் நாள் காரியம் செய்து தலை முழுகினேன். ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. செத்தவளைப் பற்றி யாராவது செய்தி எழுதுவார்களா?

அவள் உனக்கு முறைப்பெண். நீ கட்டியிருந்தால் என் வீட்டுக்கு இந்தக் கதி வந்திருக்காது. நீ எவளையோ கொண்டுவந்தாய். வந்தவள் சும்மா இருந்தாளா? அந்த ஓடிப்போன கல்யாணத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அவள் கையால் சாப்பிடுகிறவனோடு எனக்கு என்ன பேச்சு? போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். போன மாசியில் வந்து வாசலில் நின்றாய். கதவைத் திறந்தேனா? ஃபிலிம் வரட்டும், கூட ஒரு காகிதம் வரட்டும், அது போதும்.

உன் ஆறு ஷீட்டையும் கழுவிக் காயவைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பயப்படாதே. கோபம் வேறு, கழுவல் வேறு. எட்டு வருடமாகக் கழுவுகிறேன், என் கையில் ஒரு ஷீட் கெட்டதில்லை. மூன்றாவதில் வானம் கெட்டியாக இருக்கிறது. வெளிச்சத்தை அதிகம் விட்டிருக்கிறாய். பெரிய கேமரா வைத்திருந்தால் மட்டும் போதாது, கண்ணு.

அக்கா,
அருக்காணி


சென்னை,
2.1.2025

அன்புள்ள அக்காவுக்கு வசந்த் வணக்கம் சொல்லி எழுதுவது. முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தடவுகிறீர்களா? மலையில் பனி அதிகமாம். விடிகாலையில் காப்பித் தோட்டத்துக்குப் போகும்போது காதைக் கட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் இருக்கிறோம்.

ஆறு நெகட்டிவும் வந்தன. வானத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். இங்கே மார்கழியிலும் குழாய்த் தண்ணீர் இருபத்தெட்டு டிகிரி, ஃபிலிமுக்கு அந்தச் சூடு ஆகாது. நான் இங்கே கழுவிய அத்தனையும் திட்டுத் திட்டாகப் போய்விட்டது. உங்கள் ஊற்றுத் தண்ணீரும் உங்கள் கையும் இல்லாவிட்டால் இந்தக் கேமராவை எப்போதோ மூட்டை கட்டியிருப்பேன்.

இத்துடன் பத்து ஷீட் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் ஒரே முகம். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது, நிழல் பக்கம் கொஞ்சம் இருட்டாக இருக்கும். டெவலப்பரில் வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூட வையுங்கள். உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். முடிந்தால் இரண்டு வாரத்துக்குள் கழுவுங்கள். டெவலப்பரில் எழுந்த முகம் ஹைப்போவில் நிலைத்து, எடுத்து விளக்கைப் போட்டதும், உடனே காயப்போட்டுவிடாமல், ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பாருங்கள். பார்த்த பிறகு மனதில் என்ன வருகிறதோ அதை எனக்கு எழுதுங்கள்.

வேறு எதுவும் எழுதவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருக்கலாம்.

உங்கள் தம்பி,
வசந்த்


நாகலூர்,
15.1.2025

வசந்துக்கு அக்கா. பொங்கல் வைத்தேன், தனியாகச் சாப்பிட்டேன், சுகம். நீயும் சாப்பிட்டிருப்பாய்.

பெட்டி வந்தது. பீரோவில் வைத்திருக்கிறேன். இப்போது கழுவ முடியாது. காப்பிப் பழம் எடுக்கிற நேரம். ஆள் கிடைக்காமல் நானும் வெள்ளையம்மாளும் நாலு கூலி ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். பழம் ஒரு நாள் நின்றால் கொட்டிவிடும், உன் ஃபிலிம் கொட்டாது. உனக்கென்ன, பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு வாரம் என்று எழுதிவிடுவாய். பத்து ஷீட் என்றால் தொட்டிக்கு ஐந்தாக இரண்டு ஈடு. மருந்து கலக்கி, வெந்நீரில் தொட்டியை வைத்து இருபது டிகிரிக்குக் கொண்டுவந்து, கழுவி, அலசி, கொடியில் போட ஒரு முழு நாள் போய்விடும். கழுவுகிற அறை முழுக்கக் காப்பி மூட்டை வேறு. அதையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டால்தான் நான் உள்ளே நிற்கவே முடியும். பங்குனி பிறக்கட்டும், பார்க்கலாம்.

அப்படி என்ன அவசரம்? யார் சாகக் கிடக்கிறார்கள்? யார் முகம் என்று சொல்லாமல் உத்தரவு மட்டும் வருகிறது. யாரென்று எழுது. அவசரமா இல்லையா என்பதை நான் முடிவு செய்கிறேன்.

அக்கா


சென்னை,
21.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வேலைக்கு நடுவில் தொந்தரவு செய்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஹரிணி. என் மனைவிக்கு ரத்தத்தில் புற்று வந்திருக்கிறது. அக்டோபரில் தெரிந்தது. மருந்து ஏற்றியதில் முடியெல்லாம் போய்விட்டது. கோடை வரை தாங்குவாளா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. போனில் ஒரு படம் எடுக்க விடவில்லை, கண்ணாடியைக்கூடச் சுவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டாள். இந்தப் பெரிய கேமராவுக்கு மட்டும் அவளாகவே கேட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேர் பின்னாலிருந்து முதுகைத் தாங்கிக்கொண்டார்கள். பத்து ஷீட் முடிவதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது. இனி ஒரு தரம் அப்படி உட்கார முடியாது. அவளுடைய முகம் என்று மிஞ்சப்போவது இந்தப் பத்துதான், அக்கா.

உங்களுக்கு அவள் மேல் எவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியும். கோபம் வேறு, கழுவல் வேறு என்று எழுதியது நீங்கள்தான். உங்கள் கை பொய் சொல்லாது என்று நம்பி எழுதுகிறேன். பங்குனி வரை வைக்காதீர்கள்.

வசந்த்


நாகலூர்,
12.2.2025

தம்பிக்கு அக்கா. சுகம்.

நேற்று தைப்பூசம். ஆட்களுக்கு லீவு விட்டுவிட்டு, மூட்டைகளை வெளியே போட்டு, உன் வேலையைப் பார்த்தேன். ஜன்னலை மறைத்த சாக்கு, கதவுச் சந்து எல்லாம் சரிபார்த்துத்தான் ஆரம்பித்தேன். மருந்து புதிதாகக் கலக்கியது.

பத்தும் வெறும் ஷீட். முகமும் இல்லை, ஜன்னலும் இல்லை, ஒரு கோடுகூட விழவில்லை. நீ ஹோல்டரின் மூடித் தகட்டை இழுக்காமலே, ஷீட்டில் வெளிச்சம் படாமலே, பத்து தடவையும் எடுத்திருக்கிறாய் போலிருக்கிறது. பெண்டாட்டிக்கு இப்படி ஆனால் யாருக்குத்தான் கை நிதானத்தில் இருக்கும்? உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் பக்கத்தில் தப்பு எதுவும் இல்லை.

அவளுக்கு எப்படி இருக்கிறது? கஞ்சி இறங்குகிறதா? கொஞ்சம் தேறினால் மறுபடி உட்காரவைத்து எடுத்து அனுப்பு. கழுவித் தருகிறேன்.

அக்கா


சென்னை,
19.2.2025

அக்காவுக்கு,

நீங்கள் சுகம் என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். இங்கே யாரும் சுகமாக இல்லை.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் தூங்கவில்லை. பத்து தடவையும் என்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். ஹோல்டரைச் செருகினேன். தகட்டை இழுத்துக் கட்டில் மேல் வைத்தேன். கட்டிலின் இரும்பில் தகடு பட்டுச் சத்தம் வந்தது நினைவிருக்கிறது. இரண்டு விநாடி மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், அவள் பிடித்துக்கொண்டாள், ஷட்டரை அமுக்கினேன். ஒன்று தப்பலாம், இரண்டு தப்பலாம். பத்துமா? ஆனால் உங்கள் கையில் ஒரு ஷீட் கெட்டதில்லை. அதனால் நான்தான் கெடுத்திருக்க வேண்டும். அவள் மூச்சடக்கி உட்கார்ந்திருந்ததை நான் வீணாக்கிவிட்டேன் என்று நினைத்தால் அந்த அறைக்குள் போகவே கால் வரவில்லை.

அவளோ தினமும் ஒரே கேள்விதான் கேட்கிறாள். அக்கா பார்த்தார்களா, என்ன சொன்னார்கள்? வெறும் ஷீட்டாகப் போய்விட்டது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நீங்கள் பார்த்துவிட்டு மறைக்கிறீர்கள் என்கிறாள். நான் சொல்லி எடுபடவில்லை. நீங்களே இரண்டு வரி எழுதுங்கள். எதுவும் விழவில்லை, நான் எதையும் பார்க்கவில்லை என்று உங்கள் கையெழுத்தில் எழுதினால் நம்புவாள். அந்த வெறும் ஷீட்டுகளையும் அனுப்புங்கள். நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வசந்த்


நாகலூர்,
10.3.2025

வசந்துக்கு.

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. உடனே எழுத மனம் வரவில்லை. மிளகு பறித்தோம், களத்தில் காய்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அவள் படுத்துக்கொண்டு என் வாயிலிருந்து என்ன வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறாளாம். இத்தனை வருடம் இல்லாத அக்கறை இப்போது எங்கிருந்து வந்தது? படம் விழுந்திருந்தாலும் நான் பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு ஓடிவரப் போவதில்லை. இதை அவளிடம் சொல். மொட்டைத் தலையையும் குழி விழுந்த கண்ணையும் பார்த்தால் எனக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வரும் என்று நினைத்தாளா? ஊர் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்த அன்றைக்கு அவளுக்கு இரக்கம் வந்ததா? செய்ததற்கு அனுபவிக்கிறாள், அனுபவிக்கட்டும். நான் வந்து தலைமாட்டில் உட்காருவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். என்னிடமிருந்து இரண்டு வரி கேட்டாய். இவைதான் அந்த இரண்டு வரி.

ஷீட்டுகள் எங்கோ கிடக்கின்றன. தேடிப் பார்க்கிறேன்.

அக்கா


சென்னை,
6.4.2025

அக்காவுக்கு,

அந்தப் பத்து ஷீட்டையும் அனுப்புங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

வசந்த்


நாகலூர்,
28.5.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகமாக இருக்கிறேன். நீ சுகமா என்று உன் காகிதத்தில் ஒரு வார்த்தை இல்லை, பரவாயில்லை.

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்தது. இந்த வருடம் கூட்டம் நெரிசல், கொட்டச்சேட்டு ஊர் ஆட்கள் ராத்திரியே வந்து இடம் பிடித்துவிட்டார்கள். உன் பெயருக்கும் அர்ச்சனை செய்தேன். கோபம் என்றாலும் எனக்குப் பதிமூன்று வயதாக இருந்தபோது உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான்தானே. சாமி இருக்கிற குகைக்குள் குனிந்து போகும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது, ஐயாக்கண்ணு மகள் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தாள்.

நீ கேட்ட ஷீட்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய பேப்பருக்கு நடுவில் இருந்தன. இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஃபிலிமும் இல்லை, செய்தியும் இல்லை. அவள் போய்விட்டாளா? போயிருந்தால் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், அதுதான் முறை. வருவதும் வராததும் என் இஷ்டம், சொல்ல வேண்டியது உன் கடமை. தனியாக அந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறாய்? இங்கே வந்து பத்து நாள் இரு, சாமி. இந்தத் தடவை கதவைத் திறக்கிறேன்.

அக்கா,
அருக்காணி


சென்னை,
6.6.2025

அக்காவுக்கு,

ஷீட்டுகள் வந்தன. கோயிலுக்குப் போனதற்கும் அர்ச்சனைக்கும் நன்றி.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது, ஏனென்றால் நீங்கள் இதுவரை தப்பே செய்ததில்லை. வெளிச்சமே படாத ஷீட்டை டெவலப்பரில் போட்டு அப்புறம் ஹைப்போவில் போட்டால், அதில் படம் இருக்காது. ஆனால் லேசான ஒரு சாம்பல் நிறம் இருக்கும். வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் தெரியும். டெவலப்பரைத் தொடாமல் நேராக ஹைப்போவில் போன ஷீட்டில் அந்தச் சாம்பல்கூட இருக்காது. மேலே இருக்கிற மருந்து முழுவதும் கரைந்து, ஜன்னல் கண்ணாடி போல ஆகிவிடும். நீங்கள் அனுப்பிய பத்தும் ஜன்னல் கண்ணாடியாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தாளில் வைத்துப் பார்த்தேன். அப்படியானால் நான் தகட்டை இழுத்திருக்கிறேன், படம் விழுந்திருக்கிறது. உங்கள் அறையில்தான் அது போயிருக்கிறது.

இருட்டில் தொட்டி மாறுவது யாருக்கும் நடக்கும். டெவலப்பர் விரலில் வழுக்கும், ஹைப்போ மூக்கில் ஏறும், எனக்கு எப்படி மாறும் என்று நீங்கள் முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். ஆனாலும் நடக்கும். அலுப்பில் பத்தையும் ஒரே ஈடாகத் திணித்திருக்கலாம், தொட்டிகளை யாராவது கழுவி இடம் மாற்றி வைத்திருக்கலாம். அப்படியென்றால் ஒரு வரி போதும். தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதுங்கள். நான் நம்புகிறேன். இதைப் பற்றி இனி ஒரு நாளும் பேச மாட்டேன்.

வேண்டுமென்றே செய்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

வசந்த்


நாகலூர்,
16.6.2025

வசந்துக்கு அக்கா.

மழை பிடித்துக்கொண்டது. வீடு ஒழுகுகிறது. உடம்பு திடமாகத்தான் இருக்கிறது.

எனக்கு நீ வழி காட்ட வேண்டாம். தொட்டியை யாரும் மாற்றவில்லை. என் அறைக்குள் என்னைத் தவிர யாரும் நுழைய மாட்டார்கள். தெரியாமல் நடந்தது என்று எழுதினால் என் கைக்குத்தான் அவமானம். நான் தெரிந்துதான் செய்தேன்.

முதல் ஐந்தையும் சட்டத்தில் மாட்டித் தூக்கினேன். டெவலப்பர் தொட்டிக்கு மேலே கை நின்றது. ரிஜிஸ்டர் ஆபீசில் அவள் போட்ட கையெழுத்து எனக்கு நினைவுக்கு வந்தது. கையை வலப்பக்கம் நகர்த்தி ஹைப்போவில் இறக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்போதுகூட நிறுத்தியிருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டு மீதி ஐந்தையும் மாட்டி அதே தொட்டியில் இறக்கினேன். என் கை நடுங்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். மோனிஷா போன அன்று ஆத்திரத்தில் அவள் படம் அத்தனையையும் எரித்தேன். மொட்டையடித்துக் காது குத்திய படம், பள்ளிக்கூட அடையாள அட்டை, எல்லாம். ஒரே ஒரு படத்தைப் பேனருக்குக் கொடுத்தேன், அதையும் பேனர் அடித்தவன் திருப்பித் தரவில்லை. இப்போது என்னிடம் ஒன்றுகூட இல்லை. சில நாள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, அவளுக்கு மூக்கு எப்படி இருந்தது என்று யோசிக்கிறேன். வரமாட்டேன் என்கிறது. பெற்றவளுக்கே வரமாட்டேன் என்கிறது. அதற்கெல்லாம் காரணம் உன் பெண்டாட்டி. நான் பட்டதை நீயும் பட வேண்டும் என்று நினைத்தேன். அவள் முகத்தைத் தேடித் தேடி நீயும் உட்கார்ந்திரு. அப்போதுதான் என் வயிறு எரிவது உனக்குப் புரியும்.

கேட்டாய், சொல்லிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டி எழுது. எனக்கு மறைத்துப் பழக்கமில்லை.

அக்கா


சென்னை,
1.7.2025

அக்காவுக்கு,

நீங்கள் திடமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது முக்கியம்.

ஹரிணியும் திடமாக இருக்கிறாள். அவளுக்கு இந்த வருடம் ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. இப்போது சமையலறையில் இருக்கிறாள். இந்தக் கடிதத்தை எழுதாதே என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த வயதான மனுஷியை விட்டுவிடு என்கிறாள்.

பத்து ஷீட்டிலும் இருந்தது மோனிஷா.

அவளுக்குத்தான் ரத்தத்தில் வந்தது. டிசம்பரில் நீங்கள் அடுப்பில் வைத்த கடிதத்தில் அதைத்தான் எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் அவளையும் ஆசிரையும் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். அந்தக் கடிதத்துக்கு நீங்கள் எழுதிய பதிலை அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. உங்கள் மகள்தானே. நான் மலைக்கு வந்து நேரில் சொல்கிறேன் என்றேன், விடவில்லை. கெஞ்சிக் கூப்பிட்டு அம்மா வர வேண்டாம், தானாக வரட்டும் என்றாள். பெரிய கேமராவில் தன்னை எடுக்கச் சொன்னதும் அவள்தான். “எழுதிக் கேட்டா அடுப்புல போட்டுருவாங்க மாமா. மூஞ்சியப் பாத்தாங்கன்னா போட மாட்டாங்க” என்றாள். நீங்கள் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கும்போது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பத்து தடவையும் மூச்சடக்கி உட்கார்ந்தாள்.

நான் சும்மா இருந்திருந்தால் பங்குனியில் கழுவியிருப்பீர்கள். யாருடைய முகம் என்று தெரியாமலே கழுவியிருப்பீர்கள், முகம் வந்திருக்கும். அவளுக்குப் பங்குனி வரை நாள் இருக்குமா என்ற பயத்தில் அவசரப்படுத்தினேன். யார் சாகக் கிடக்கிறார்கள் என்று கேட்டீர்கள். அவள் பெயரைச் சொன்னால் பெட்டியும் அடுப்புக்குப் போகும் என்று பயந்து ஹரிணி பெயரைச் சொன்னேன். உங்களுக்கு ஹரிணி மேல் இருப்பது வெறும் கோபம்தான், வன்மம் இல்லை என்று நினைத்திருந்தேன். பொய் சொன்னது நான், பழியில் அந்தப் பாதியை நான் சுமக்கிறேன்.

மார்ச்சில் நீங்கள் எழுதிய கடிதத்தை, உறை மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் தடுப்பதற்குள் படித்துவிட்டாள். நீங்கள் ஹரிணி பெயரையும் எழுத மாட்டீர்கள், அவள் பெயரையும் எழுத மாட்டீர்கள். அது உன்னைப் பற்றி இல்லை, நான் ஹரிணிக்கு என்று பொய் சொல்லியிருந்தேன், அதனால்தான் அம்மா அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று நானும் ஹரிணியும் சத்தியம் செய்து சொன்னோம். மொட்டைத் தலை என்று எழுதியிருக்கிறார்களே, பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டாள். அதை நான்தான் உங்களுக்கு எழுதியிருந்தேன் என்றேன். எதுவும் எடுபடவில்லை. “எனக்காவ நொம்பச் சோடிக்காதீங்க மாமா. அம்மா பாத்துப்போட்டாங்க. பாத்தும் வரோணும்னு தோணல. உடுங்க” என்றாள். அதற்குப் பிறகு உங்களைப் பற்றிக் கேட்கவே இல்லை.

மார்ச் இருபத்தேழாம் தேதி மத்தியானம் போய்விட்டாள். ஹரிணிதான் குளிப்பாட்டினாள். சொல்லி அனுப்புவதுதான் முறை என்று எழுதியிருந்தீர்கள். அவளுக்கு நீங்கள் ஆறு வருடத்துக்கு முன்பே காரியம் செய்துவிட்டீர்கள், இரண்டாம் முறை எதற்குக் கூப்பிடுவது என்று விட்டுவிட்டேன். அப்போது எனக்கும் ஷீட் விஷயம் தெரியாது. படம் விழாமல் போனது என் தப்பு என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன், கடைசி நாள் வரை.

போன கடிதத்தில் உங்களுக்கு ஒரு வரி விட்டுவைத்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருந்தால், சத்தியமாக இந்தக் கடிதம் வந்திருக்காது. மோனிஷா எங்கோ நன்றாக இருக்கிறாள் என்று நீங்கள் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். கை நடுங்கவில்லை என்று எழுதினீர்கள்.

மூக்கு நினைவுக்கு வரவில்லை என்றீர்கள். உங்கள் மூக்குதான் அவளுக்கு. முடி போன பிறகு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. நான்காவது ஷீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள், அதில் நன்றாக விழுந்திருக்கும்.

இனி ஃபிலிம் அனுப்ப மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம். அவள் முகத்தை நீங்கள் பார்க்கவே இல்லை என்பது நமக்குத்தான் தெரியும், அக்கா. அவளுக்குத் தெரியாது.

முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நெடுநாள் இருக்க வேண்டும்.

வசந்த்